நியாயக்கோல் ஏன் இளைத்தது?

தண்ணீருக்குக் காது உண்டு. ஞாபகசக்தி உண்டு. செய்த பாவத்தை நினைத்து அழுகிற மனசாட்சியும் உண்டு. இதையெல்லாம் தண்ணீர் வந்து சொல்லவில்லை, நீரையா சொன்னார். அவர் சொன்னதால் கால்வாயோரக் குடியிருப்பு மொத்தமும் நம்பியது.

நம்பியதென்றால் சாதாரணமாகவா? காலையில் பொதுக்கூடத்தின் கதவு திறப்பதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிக் கோழிக்கடை வாசல்வரை போய்விடும். சொம்பு, குடம், புட்டி என்று கைக்குக் கை தண்ணீர். வர முடியாதவர்கள் பக்கத்து வீட்டாரிடம் தண்ணீரை மட்டும் கொடுத்தனுப்பினார்கள். தன் வண்டி ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று கேட்க ஒருவர் ரேடியேட்டர் தண்ணீரைப் பிடித்து வந்திருந்தார். ஓர் அம்மாள், மருமகள் குளித்த தண்ணீரைச் சத்தமில்லாமல் மூடி எடுத்து வந்திருந்தாள். அதில் என்ன தெரியவேண்டும் என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சதுதான். ஐயா வாயால ஊருக்குத் தெரியணும்" என்றாள்.

மேடையில் ஒரு மேசை. மேசைமேல் பட்டுத்துணி சுற்றிய பெட்டி. பெட்டியிலிருந்து இரண்டு கோல்கள் தொங்கும். வெள்ளையாக மின்னுவது சத்தியக்கோல். கறுப்பாக இருப்பது நியாயக்கோல். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு வயர் சுவரிலிருந்த பிளக்குக்குப் போகும். சத்தியமும் நியாயமும் மின்சாரம் இல்லாமல் வேலை செய்யாதா என்று யாரும் கேட்கவில்லை.

"தண்ணி உங்ககிட்ட பொய் சொல்லும். என் கோல்கிட்ட சொல்லாது" என்பார் நீரையா. குரல் வெல்லப்பாகு. வெள்ளை உடுப்பில் ஒரு கறை கிடையாது. "அந்தத் தொட்டித் தண்ணியக் கொண்டாங்க!"

தொட்டித் தண்ணீர் வரும். கண்ணாடி டம்ளரில் கண்ணாடியைப் போலவே தெளிவாக இருக்கும். கோல்களை உள்ளே விடுவார். சுவிட்சைத் தட்டுவார். முதலில் சின்னக் குமிழிகள். பிறகு நியாயக்கோலைச் சுற்றி மஞ்சளாக ஒரு புகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாகி, சேறாகி, நுரைத்து, டம்ளர் முழுவதும் சாக்கடை மாதிரி ஆகிவிடும்.

"கக்குது! கக்குது!" என்று கூட்டம் அலறும்.

பிறகு தன் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொள்வார். ஆசிக்கல் போட்டு, பாட்டுப் பாடி, 'பாடம் கற்ற' தண்ணீர். கோல்களைப் பட்டுத்துணியால் துடைத்து உள்ளே விடுவார். சுவிட்சைத் தட்டுவார். ஒன்றும் ஆகாது. குழந்தையின் மனசு மாதிரி அப்படியே இருக்கும். கூட்டம் கைதட்டும், கன்னத்தில் போட்டுக்கொள்ளும், பிறகு முண்டியடித்து ஆசிக்கல் வாங்கும். நீலச்சாயம் பூசிய கூழாங்கல். வீட்டுக் குடத்தில் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்து இந்தக் கல்லைப் போட்டால், தண்ணீர் தானாகப் பாடம் படித்துச் சுத்தமாகிவிடுமாம். பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தும் படிக்காத பிள்ளைகளைப் பெற்றவர்கள், குடத்துத் தண்ணீர் படித்துவிடும் என்று நம்பினார்கள்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே இருக்கிற சாயப்பட்டறைகளும் கழிவுக் குழாய்களும் கலக்கிற கால்வாய்த் தண்ணீரைத்தான் அந்தக் குடியிருப்பு காலங்காலமாகக் குடித்து வந்தது. வருஷத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும் வரும். சில வீடுகளில் வந்தது போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு தொண்டு நிறுவனம் பார்த்து இரங்கி, ஆழ்துளைக் கிணறு தோண்டி, மணலும் கரியும் அடுக்கிய வடிகட்டியும், கிருமி கொல்ல மருந்து சொட்டும் கருவியும் வைத்து, ஒரு தொட்டியும் நாலு குழாயும் கட்டிக்கொடுத்தது. தொட்டியைவிடப் பெரிதாக ஒரு பலகையும் வைத்தது. பலகையில் நன்கொடையாளர்கள் பெயர் எல்லாம் இருந்தது. தண்ணீரில் ஏன் மருந்து வாடை அடிக்கிறது என்று மட்டும் எழுதவில்லை. திறப்பு விழாவில் பேசியவர்களும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒருவரையொருவர் பாராட்டவே நேரம் சரியாக இருந்தது.

அந்த வாடையைத்தான் நீரையா பிடித்துக்கொண்டார். "அது மருந்து வாடை இல்லம்மா. பாவ வாடை" என்றார். கணக்கு முடிந்தது. குழாய்கள் காய்ந்தன. யாரும் குடிக்காத இடத்தில் வடிகட்டி எதற்கு, கேட்கிற வேறு ஊருக்குக் கொடுப்போம் என்று நிறுவனமும் முடிவெடுத்தது. வாரக் கடைசியில் லாரி வரும், கழற்றி ஏற்றிக்கொண்டு போகும்.

இதைக் கேட்டுக் கவலைப்பட்டவள் ஒரே ஒருத்திதான். எல்லாரும் தையலக்கா என்று கூப்பிடும் தையல்காரி. போன வருஷம் பேதியில் சுருண்டு, கையில் ஊசி ஏற்றி, ஆஸ்பத்திரி வராந்தாவில் துணி மாதிரிக் கிடந்தாள் அவளுடைய மகள். தொட்டித் தண்ணீர் வந்த பிறகுதான் கன்னத்தில் சதை பிடித்தது. இப்போது வீட்டில் குடத்தை ஆள்வது தையலக்கா அல்ல. கணவனின் அக்கா, தையலக்காவுக்கு அண்ணி. மூட்டை தூக்கப் போகும் தம்பி வீட்டில் இல்லாத நேரமெல்லாம் அண்ணியின் ஆட்சி. அண்ணி ஒரு கல் வாங்கிவந்து குடத்தில் போட்டுவிட்டாள். பிள்ளைக்கு மறுபடியும் வயிறு போக ஆரம்பித்தது.

"அண்ணி, அந்தக் கால்வாய் தண்ணிதான் அண்ணி இதுக்குக் காரணம்."

"கல்லு வேலை செய்யுது, அதான். உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது."

"எவ்வளவுதான் அண்ணி வெளிய வரும்? பிள்ளையே வெளிய வந்துடும்போல இருக்கு."

"ஐயா கண்ணு முன்னால காட்டினாரே! நீ பாத்தியா இல்லையா? நம்ம தொட்டித் தண்ணி சேறா கக்கிச்சா இல்லையா? கண்ணால பாத்தத நம்பாம, யாரோ பலகை நட்டவன் பேச்ச நம்பச் சொல்றியா?"

தையலக்காவும் பார்த்தாள். சேறு வந்தது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லையென்பது?

ஆனால் அவள் ஒன்று செய்தாள். வீட்டுக் குடத்திலிருந்து, கல் கிடந்த தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு, கல்லையும் கூடவே போட்டு, கூடத்துக்குப் போனாள்.

"ஐயா, இது உங்க கல்லு போட்ட தண்ணி. கோல விட்டுக் காட்டுங்க."

நீரையா சொம்பைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, கண்கலங்கி, கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா மனசுல சந்தேகம் இருக்கு. சந்தேகம் கைவழியா சொம்புல எறங்கிடுச்சு. பாடம் படிச்ச தண்ணி பயந்துபோய் எல்லாத்தையும் மறந்துடுச்சு. பாவம்!"

"அடப்பாவமே" என்றது கூட்டம், தண்ணீரைப் பார்த்து. தையலக்காவைப் பார்த்துச் சிரித்தது. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எந்தம்பி பொண்டாட்டிதான். என்ன பண்றது, வாச்சது அப்படி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நொந்துகொண்டாள்.

தையலக்கா அவமானத்தோடு திரும்பியிருப்பாள். ஆனால் மேசைக்கு அவ்வளவு அருகில் அவள் அதற்கு முன் நின்றதில்லை. துணியின் விளிம்பில் ஒரு நூல் பிசகினாலும் அவள் கண் அங்கே போய் நிற்கும். அந்தக் கண் இப்போது கோல்கள்மேல் நின்றது. நீரையா வந்த புதிதில் இரண்டும் சுண்டுவிரல் பருமன். சத்தியக்கோல் இன்னும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நியாயக்கோல் மட்டும் தண்ணீருக்குள் போகிற பாகத்தில் அரித்து, பள்ளம் பள்ளமாகி, ஸ்வெட்டர் பின்னுகிற ஊசியாகியிருந்தது.

உலகத்தில் நியாயம் நாளுக்கு நாள் இளைக்கிறது என்பது தெரிந்ததுதான். ஆனால் இது இரும்பு. இரும்பு ஏன் இளைக்கிறது? தண்ணீர் பாவத்தைக் கக்கினால் தண்ணீரல்லவா இளைக்க வேண்டும்?

வீட்டுக்குப் போகவில்லை. தெருக்கோடியில் செல்போன் ரிப்பேர் கடை. நேரே அங்கே போனாள்.

"அண்ணே, ரெண்டு ஆணியில கரண்ட்டு குடுத்துத் தண்ணியில விட்டா என்ன ஆகும்?"

"ஷாக்கடிச்சு சாவ. என் கடையில வேணாம்மா."

"உங்க மேசையில சின்னதா கரண்ட்டு குடுக்கற பொட்டி இருக்கே, அதுல பாக்கலாமா?"

கடைக்காரர் முனகினார். ஆனால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மத்தியானம். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர், ஓர் இரும்பு ஆணி, ஓர் அலுமினியக் கம்பி. இருவரும் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்கள். மெதுவாக, மிக மெதுவாக, ஆணியைச் சுற்றி மஞ்சள் புகை. பிறகு பழுப்பு.

"அட, உனக்கும் ஞானம் வந்துடுச்சும்மா!" என்றார் கடைக்காரர். "நாளைக்கு நீ ஒரு மேடை போடலாம்."

"ஞானமில்ல அண்ணே, துரு. ஆணி கரையுது. வேர்த்த கையால எடுத்தா என் மிஷின் ஊசியிலயும் இதே கலருதான் ஏறும்."

"வேர்வைன்னா உப்பு. அதனாலதான். வேர்வை எறங்குன போனு எல்லாம் உள்ள இப்படித்தான் அரிச்சிருக்கும். தண்ணியில கரண்ட்டு ஓடறதே அதுல இருக்கற உப்பாலதாம்மா. நம்ம குடிக்கற எந்தத் தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு உண்டு, நாக்குக்குத் தெரியாது."

"உப்பே இல்லாத தண்ணின்னா?"

"கரண்ட்டு ஓடாது. ஆணி சும்மா நிக்கும்."

ஐயாவின் பானைத் தண்ணீரில் கோல் சும்மா நின்றது இருவருக்கும் நினைவுக்கு வந்தது. தையலக்கா டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். தண்ணீர் பொங்கிக்கொண்டு சேறானது. இத்தனை பாவத்தை ஒரு சிட்டிகைக்குள் அடக்கிவைத்திருந்த உப்பை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் கூட்டத்திடம் போய் இதைச் சொன்னால் என்ன ஆகும்? 'சந்தேகக் கை' என்பார். உப்பைக் கொண்டுபோனால் 'சந்தேக உப்பு' என்பார். வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். வாசலில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் வழி புலப்பட்டது. சந்தேகத்தோடு போனால்தானே வம்பு? பக்தியோடு போனால்?

வாரக் கடைசி வந்தது. வடிகட்டியைக் கழற்ற லாரி வந்து வெளியே நின்றது. நிறுவனத்து மேடம் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, கூடத்து வாசலில் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்தாள். உள்ளே நீரையா தொட்டியின் 'கடைசி வாக்குமூலத்தை' வாங்கிக்கொண்டிருந்தார். தொட்டித் தண்ணீர் வழக்கம்போலக் கக்கியது. பானைத் தண்ணீர் வழக்கம்போலச் சாதுவாக இருந்தது. சுவிட்ச் அணையாமல், கோல்கள் அதில் நின்றபடி இருக்க, அவர் கைகூப்பி நின்றார்.

தையலக்கா எழுந்தாள். தலை குனிந்து, கையில் ஒரு பொட்டலத்தோடு போனாள்.

"ஐயா, அன்னைக்குத் தப்பு பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"தண்ணியே மன்னிக்கும்போது நான் யாரும்மா?"

"வீட்டு உப்பு கொண்டாந்திருக்கேன். உப்புக்கும் ஞாபகம் உண்டுங்களா?"

நீரையாவுக்கு மேடையில் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. "உப்பு யாரும்மா? தண்ணி பெத்த பிள்ளை! கடல் தாய் மடியில பொறந்தது!"

"அப்போ அதையும் சுத்தம் பண்ணிக் குடுங்க."

குடுத்தார். சும்மா குடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, உப்பை உள்ளங்கையில் கொட்டி, கண்ணை மூடி, ஒரு பாட்டை முழுசாகப் பாடினார். இரண்டு முறை ஊதினார். ஊதியதில் கொஞ்சம் பறந்து முன்வரிசைமேல் விழுந்தது. அவர்கள் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

"இப்ப இது எப்படிங்க ஐயா?"

"என்னைவிடச் சுத்தம்!"

"பானைத் தண்ணி?"

"அதைவிடச் சுத்தம் ஏது?"

"ரெண்டு சுத்தமும் சேந்தா?"

"மகா சுத்தம்!" கூட்டம் கைதட்டியது.

"அப்போ உங்க கையாலயே, அந்த டம்ளர்ல ஒரு சிட்டிகை போடுங்க ஐயா. பிள்ளைக்குக் கொண்டுபோறேன். என் கை படவேணாம். என் கை ராசியில்லாத கை."

நீரையாவின் கை டம்ளரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. தண்ணீருக்கு ஞாபகசக்தி இருக்கிறதோ இல்லையோ, அவருக்கு அந்த நிமிஷம் ஏதோ ஞாபகம் வந்துவிட்டது.

"இன்னைக்கு நேரம் சரியில்லம்மா..."

"போடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறு யார், அண்ணிதான். பக்தி முற்றிப்போன குரல். "எங்க வீட்டுப் பிள்ளைக்குத்தான்யா! போடுங்க!"

"போடுங்கய்யா! போடுங்கய்யா!" கூடமே எழுந்து நின்றது. தான் வளர்த்த கூட்டம். தான் ஊட்டிய நம்பிக்கை. அதை எதிர்த்து நிற்க அவராலும் முடியவில்லை. போட்டார்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நியாயக்கோலைச் சுற்றி மஞ்சள் புகை கிளம்பியது. பழுப்பாகியது. சேறாகியது. நுரைத்துப் பொங்கி, டம்ளர் விளிம்பில் வழிந்து, மேசையில் விரித்த பட்டுத்துணியை நனைத்தது.

"கக்குது..." என்றான் ஒருவன், பழக்கதோஷத்தில். யாரும் கூடச் சேரவில்லை.

"சந்தேகக் கை!" என்று நீரையா கத்தினார்.

"யாரு கை ஐயா?" அண்ணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பானை உங்களுது. தண்ணி உங்களுது. ஊதுன வாயும் உங்களுது. போட்ட கையும் உங்களுது. நடுவுல யாரு சந்தேகப்பட்டது? நீங்களா?"

தையலக்கா சுவிட்சை அணைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு கோல்களையும் வெளியே எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாரும் பாருங்க. வந்தப்ப ரெண்டும் ஒரே பருமன். இப்ப இந்தக் கறுப்பு எங்க போச்சு? நம்ம டம்ளர்லதான் போச்சு. நீங்க பாத்த சேறு தண்ணிலேருந்து வரல. இந்த இரும்புலேருந்து வந்தது. தண்ணியில கொஞ்சம் உப்பு இருந்தா கரண்ட்டு ஓடும், இரும்பு கரையும். உப்பே இல்லாட்டி ஓடாது. அவ்வளவுதான் அவரோட ஞானம்."

"உப்பே இல்லாத தண்ணி எங்க கெடைக்கும்?" என்றார் ஒருவர்.

கூட்டத்தின் நடுவிலிருந்து வண்டி மெக்கானிக் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "என் கடையிலதான். பேட்டரிக்கு ஊத்தற தண்ணி. காய்ச்சி, ஆவியப் பிடிச்சு எறக்கினது. ஐயா கேன் கேனா வாங்கிட்டுப் போறாரு. இவருகிட்ட வண்டிகூட இல்லையே, எந்த பேட்டரிக்கு ஊத்தறாருன்னு அடிக்கடி யோசிப்பேன்."

"யோசிச்சத வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னவாம்?" என்றாள் அண்ணி.

"ஊரே கும்புடுறப்ப நான் ஒருத்தன் எதுக்குன்னு..." மெக்கானிக் உட்கார்ந்துவிட்டார்.

நிறுவனத்து மேடம் மேசைவரை வந்து பட்டுத்துணியை விலக்கிப் பெட்டியைப் பார்த்தாள். "அட! வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு மெஷின் விக்க வர்றவங்க காட்டுற பொட்டியாச்சே இது. நீங்க எந்தக் கம்பெனியில இருந்தீங்க?" நீரையாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "கொஞ்சம்... தண்ணி..." என்றார்.

தையலக்கா இரண்டு டம்ளர்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில், அவருடைய கல் கிடந்த கால்வாய்த் தண்ணீர். நீலக்கல் அடியில் தெரிந்தது. இன்னொன்றில், பாவ வாடை அடிக்கும் தொட்டித் தண்ணீர்.

"உங்க இஷ்டம் ஐயா. எது வேணும்னாலும் குடிங்க."

நீரையா ஒரு டம்ளரைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். கை நீண்டது. தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். இத்தனை நாள் அந்த மேடையில் நடந்த செயல்விளக்கங்களிலேயே அதுதான் சிறந்தது. மின்சாரமும் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் எப்படி வெளியே போனார், வெள்ளை உடுப்பு எந்த நிறத்தில் போனது, எத்தனை நீலக்கற்கள் அவருக்கு முன்னால் பறந்து போய் வழிகாட்டின என்பதெல்லாம் விவரிக்கத் தேவையில்லை. அண்ணி மட்டும் தன் கல்லை எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். "வாங்கினதுக்கு அதாவது பண்ணட்டும்" என்றாள். அன்றே குடத்தைக் கவிழ்த்துக் கழுவி, தொட்டிக்குப் போய்ப் பிடித்துவந்து, பிள்ளை வாயில் தானே டம்ளரை வைத்தாள்.

லாரி காலியாகத் திரும்பிப் போகத் தயாரானது. மேடம் தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரையும் பலகையில போடறோம்" என்றாள்.

"பேரு வேணாம்மா. அந்த வாடை எதுக்குன்னு எழுதுங்க. கிருமியக் கொல்ல ஊத்துன மருந்து இன்னும் தண்ணியில காவலுக்கு நிக்குது, அதான் வாடைன்னு எழுதுங்க. வடிகட்டியத் தொறந்து உள்ள மணலு, கரி எல்லாத்தையும் இவங்களுக்குக் காட்டுங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லிருந்தா, அந்தாளு வாயத் தொறந்திருக்க மாட்டான்."

மேடம் தலையாட்டினாள். தையலக்கா திரும்பினாள். அங்கே ஒரு வரிசை நின்றது. கோழிக்கடை வாசல்வரை.

முதலில் நின்றவர் ரேடியேட்டர்க்காரர். கையில் ஒரு பொட்டலம் உப்பு. "தாயி, உங்க கையால இதைத் தொட்டுக் குடுங்க. வண்டியில வச்சுக்கறேன்." சொல்லிவிட்டுக் காலில் விழக் குனிந்தார். அவருக்குப் பின்னால், மருமகள் குளித்த தண்ணீரை எடுத்து வந்த அம்மாள், மூடிய சொம்போடு.

தையலக்கா அந்த உப்புப் பொட்டலத்தை வாங்கினாள். பிரித்தாள். ஒரு கல்லை எடுத்து ரேடியேட்டர்க்காரர் நாக்கில் வைத்தாள்.

"கரிக்குதா?"

"கரிக்குது தாயி."

"அதான் உப்பு. வேற ஒண்ணும் அதுல இல்ல." பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்தாள். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நாளைக்கு வேற ஒருத்தன் வருவான். வேற பொட்டி, வேற கோலு, வேற பாட்டு. தண்ணிக்கு ஞாபகம் இருக்கான்னு அவன் பாத்துக்கட்டும். போன வருஷம் நாம பொதைச்ச பிள்ளைங்க ஞாபகம் நமக்கு இருக்கா? அத மட்டும் யோசிங்க. யோசிச்சுட்டு, வாயத் தொறந்து கேளுங்க!"